வந்தார், வந்தாள், வந்துச்சு

தமிழின் பெருமை பேசும் கட்டுரைகளில் ஒரு வாதம் அடிக்கடி வரும். பிரெஞ்சில் மேசை பெண், புத்தகம் ஆண். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். தமிழிலோ பொருளைப் பார்த்துப் பால் சொல்கிறோம். ஆண் என்றால் ஆண்பால், பெண் என்றால் பெண்பால், மற்றதெல்லாம் அஃறிணை. எனவே தமிழ் இலக்கணம் அறிவுபூர்வமானது என்று முடியும். கால்டுவெல் 1856-இல் தன் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளின் இந்தத் திணைப் பாகுபாட்டை விரிவாக எழுதினார். அதன்பிறகு இந்த வாதத்துக்கு ஒரு ஐரோப்பியச் சான்றிதழும் சேர்ந்துவிட்டது.

மேசை, புத்தகம் வரை இந்த வாதத்தில் தவறில்லை. மனிதர்களைக் குறிக்கும் பெயர்களுக்கு வரும்போதுதான் அது ஆட்டம் காண்கிறது.

பிரெஞ்சில் காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்கு 'சாந்தினெல்' என்று பெயர். அது பெண்பால் சொல். தாடி மீசையோடு துப்பாக்கி ஏந்தி நின்றாலும் இலக்கணப்படி அவர் 'அவள்'தான். பாதிக்கப்பட்டவரைக் குறிக்கும் 'விக்தீம்', நபர் என்று பொருள்படும் 'பெர்சோன்', புதிதாகப் படையில் சேர்ந்தவரைக் குறிக்கும் 'ரெக்ரூ' எல்லாமே பெண்பால். மறுபக்கம் மந்திரி, பேராசிரியர், மருத்துவர், எழுத்தாளர் முதலிய சொற்கள் நீண்ட காலம் ஆண்பாலாகவே இருந்தன. பெண் மந்திரியை 'திருமதி ஆண்-மந்திரி' என்பது போலத்தான் அழைக்க முடிந்தது.

1991 மே மாதம் எதீத் க்ரெஸ்ஸோன் பிரான்சின் முதல் பெண் பிரதமரானபோது பதவிப் பெயர் ஆண்பாலிலேயே நின்றது. அடுத்த மாதம் ஜெயலலிதா தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். இங்கே யாருக்கும் இலக்கணச் சிக்கல் வரவில்லை. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு வி. என். ஜானகி பதவியேற்றபோதும் வரவில்லை. 'முதலமைச்சர் வந்தார்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டோம். பிரான்சிலோ 2014-இல், நாடாளுமன்ற அவையை நடத்திக்கொண்டிருந்த சான்த்ரின் மஸெத்தியேவை ஆண்பால் பதவிப் பெயரால்தான் அழைப்பேன் என்று ஜூலியென் ஒபேர் என்ற உறுப்பினர் பிடிவாதம் பிடித்தார். அவருடைய ஒரு மாதப் படியில் கால் பங்கு அபராதமாகப் போனது. தொழில், பதவிப் பெயர்களின் பெண்பால் வடிவங்களை பிரெஞ்சு அகாதெமி ஏற்றுக்கொண்டது 2019 பிப்ரவரியில்தான்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு ஒரு சின்னப் புன்னகை வரும். எனக்கும் வந்தது. மென்பொருள் எழுதுகிறவனாக அந்தப் புன்னகைக்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 'இன்னார் வந்தார்' என்று திரையில் ஒரு அறிவிப்பு காட்ட வேண்டும் என்று வையுங்கள். பிரெஞ்சில் அந்த இன்னார் ஆணா பெண்ணா என்று தரவில் ஒரு கட்டம் இருந்தாக வேண்டும். பெண் என்றால் வினையின் கடைசியில் ஓர் எழுத்து கூடும். தமிழில் அந்தக் கட்டமே தேவையில்லை. '-ஆர்' போட்டால் போதும். ஆண், பெண், திருநர் யாராக இருந்தாலும் பொருந்தும், மரியாதையும் கெடாது. பல மொழிகளில் நிரலாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் சிக்கலைத் தமிழ் ஓர் எழுத்தில் தீர்த்துவிடுகிறது.

தீர்த்துவிடுகிறதா?

'-ஆர்' பலர்பால் விகுதி. ஒருவரைப் பலர்போலச் சொல்வது மரியாதைக்காக வந்த வழக்கம். தொல்காப்பியரே இதைக் கவனித்து, இது வழக்கில் உள்ள உயர்சொல், இலக்கணத்தின் நேர்வழி அல்ல என்று ஒதுக்கிவைக்கிறார். ஆக, தமிழில் மனிதப் பெயர்கள் இரண்டு அளவுகோல்களில் ஒரே சமயத்தில் நிற்கின்றன. ஒன்று ஆண், பெண். மற்றொன்று மேல், கீழ். முதலாவதைப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். இரண்டாவதை வீட்டிலும் தெருவிலும் கற்றுக்கொள்கிறோம்.

இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆசிரியன், ஆசிரியை, ஆசிரியர். நடிகன், நடிகை, நடிகர். மாணவன், மாணவி, மாணவர். இலக்கணப்படி மூன்றாவது சொல் இருவருக்கும் பொது. நடைமுறையில்? 'ஆசிரியன்' என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆண் அந்தப் படியிலிருந்து ஏறி 'ஆசிரியர்' ஆகிவிட்டார். 'ஆசிரியை' அதே படியில் நிற்கிறார். நாம் இன்று புழங்கும் சோடி ஆசிரியர்/ஆசிரியை, நடிகர்/நடிகை. பொதுவாக இருக்க வேண்டிய சொல் சத்தமில்லாமல் ஆண்பாலாகிவிட்டது. அதனால்தான் 'பெண் எழுத்தாளர்', 'பெண் கவிஞர்', 'பெண் ஓட்டுநர்' என்று முன்னொட்டு தேவைப்படுகிறது. 'ஆண் எழுத்தாளர்' என்று யாரும் எழுதுவதில்லை.

வினையிலும் இதே கதைதான். 'அப்பா வந்தார், அம்மா வந்தாள்' என்பது நம் கதை உலகின் மிகச் சாதாரணமான வாக்கியம். ஜெயகாந்தனின் நாவல் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்'. அம்பையின் கதை 'அம்மா ஒரு கொலை செய்தாள்'. இரண்டு தலைப்புகளிலும் '-ஆள்' இயல்பாக வந்து உட்கார்ந்திருக்கிறது. இதே வாக்கியங்களில் ஒரு நடிகரையும் ஓர் அப்பாவையும் வைத்துப் பாருங்கள். 'அப்பா ஒரு கொலை செய்தான்' என்று தலைப்பு வைத்தால் அந்த மகனுக்கோ மகளுக்கோ அப்பாவோடு தீராத பகை என்று வாசகர் முடிவு கட்டிவிடுவார். அம்மாவுக்கு '-ஆள்' நெருக்கம். அப்பாவுக்கு '-ஆன்' வசை. அம்பை அந்த நெருக்கத்தைத் தெரிந்தே வைத்திருக்கிறார், 'செய்தாள்' என்ற சொல்லில்தான் அந்தத் தலைப்பின் வலி இருக்கிறது என்பது என் வாசிப்பு. ஆனால் அவரைத் தவிரப் பெரும்பாலோர் யோசித்து எழுதுவதில்லை, பழக்கத்தில் எழுதுகிறார்கள்.

'-ஆர்' ஆண்பாலாகிவிட்டது என்பதற்குப் பேச்சுத் தமிழே சாட்சி. காஞ்சிபுரம், சென்னைப் பக்கம் 'அவரு வந்தாரு' என்றால் ஆண். பெண்ணுக்கு மரியாதை 'அவங்க வந்தாங்க'. ஒரு பெண்ணைப் பற்றி யாரும் 'அவரு வந்தாரு' என்று பேசிக் கேட்டதில்லை. எழுத்தில் பொது, பேச்சில் ஆண். எனவே 'நெசவாளர் வந்தார்' என்று படிக்கும்போது கண் பொதுப்பாலைப் படிக்கிறது, உள்ளே காது 'வந்தாரு' என்று கேட்கிறது. ஒரு வேட்டி கட்டிய மனிதர் மனதில் எழுந்து நிற்கிறார். பிரெஞ்சில் 'வந்தாள்' என்பதற்குக் கூடுதலாகச் சேரும் எழுத்து காதுக்கே கேட்காது, தாளில் மட்டும் தெரியும். அங்கே எழுத்து பெண்ணைக் காட்டுகிறது, பேச்சு மறைக்கிறது. இங்கே தலைகீழ்.

நெசவாளர் என்ற சொல்லைச் சும்மா எடுக்கவில்லை. அண்ணா பிறந்த, நெசவுக் குடும்பங்கள் நிறைந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. 'வண்டிக்காரன்' ஓட்டுநர் ஆனதும், 'தறிக்காரன்' நெசவாளர் ஆனதும் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டின் பெரிய சாதனைகள் என்றே நினைக்கிறேன். சாதியும் கூலியும் ஒருவனை '-அன்' விகுதியில் கட்டிவைத்திருந்தன. '-அர்' அந்தக் கட்டை அவிழ்த்தது. அதில் யாரெல்லாம் ஏறினார்கள் என்பதுதான் கேள்வி.

பிள்ளையார்பாளையத்தின் ஒரு வீட்டில் பட்டுச் சேலை எப்படி உருவாகிறது? பாவு வர வேண்டும். ஊடைக்கான பட்டிழையைத் தாரில் சுற்ற வேண்டும். புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அது ஆயிரக்கணக்கான முடிச்சு. அதன்பிறகு ஒருவர் குழித்தறியில் கால் இறக்கி உட்காருகிறார். உடலும் கரையும் வேறுவேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலை என்றால் அவர் ஒருவரால் முடியாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா. ஒரு பக்கத்துக் கரை நாடாவைக் கொடுத்து வாங்க, தறியின் ஓரத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். இந்த வேலைகள் எல்லாம் சேர்ந்ததுதான் நெசவு. ஆனால் 'நெசவாளர்' என்ற பெயர் குழியில் கால் இறக்கியவருக்குத்தான். தார் சுற்றுகிறவருக்கு, ஓரத்தில் உட்காருகிறவருக்கு '-ஆளர்' போட்ட பெயர் வழக்கில் இல்லை. 'வீட்டுல கூடமாட செய்வாங்க' என்பதோடு சரி.

2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவாளர்களையும் நெசவின் துணைத் தொழிலாளர்களையும் சேர்த்து 35 லட்சத்துக்கும் மேற்பட்டோரை எண்ணியது. அதில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். அசாம் முதலான வடகிழக்கு மாநிலங்களில் தறியில் உட்காருவதே பெண்கள் என்பதால் இந்த எண் கூடுகிறது, காஞ்சிபுரத்துக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் அசாமின் தறியையும் காஞ்சியின் தறியையும் தமிழில் ஒரே சொல்லால்தான் சொல்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனதில் எழும் உருவத்துக்கும் நாட்டில் நெய்கிறவர்களில் பெரும்பான்மையோருக்கும் சம்பந்தமில்லை. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்திலும் நெய்பவர் ஆண். மகளுக்குப் பட்டுச் சேலை என்பது அவர் நிறைவேற்றத் துடிக்கும் வாக்கு. நெய்யும் பெண்ணுக்கு அந்தக் கதையின் மையத்தில் இடமில்லை. உடுத்தப்போகும் பெண்ணுக்குத்தான் இடம்.

சரி, '-ஆளர்' கிடைக்காத பெண்ணுக்கு '-ஆள்' ஆவது கிடைக்கிறதா? பேச்சைக் கவனித்தால் அதுவும் பல சமயம் இல்லை. 'தார் சுத்துற பொண்ணு வந்துச்சா?' 'அந்தக்கா நாளைக்கு வரேன்னு சொல்லுச்சு.' வந்துச்சு, சொல்லுச்சு எல்லாம் அஃறிணை முடிபு. 'மாடு வந்துச்சு' என்பதும் 'பொண்ணு வந்துச்சு' என்பதும் ஒரே வினை. தொண்டை மண்டலத்தில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும் இப்படித்தான் பேசுகிறோம். காஞ்சியில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பங்களும் உண்டு. அவர்கள் மொழியில் இது விதியே. ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒரே வினைமுடிபு. 'வச்சிந்தி' என்றால் வந்தது பெண்ணாகவும் இருக்கலாம், பேருந்தாகவும் இருக்கலாம். தமிழில் அது விதியாக இல்லை, விருப்பமாக இருக்கிறது. விருப்பம் என்பதால்தான் அதிகம் சொல்லுகிறது.

இந்த 'வந்துச்சு'வை நவீனத் தமிழின் சீரழிவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தில், ஒரு பட்டியல் இருக்கிறது. உயர்திணைப் பொருளைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் பெயர்கள் பதினெட்டு. அவற்றில் சில: குழவி, மகவு, இளமை, மூப்பு, அடிமை, விருந்து, அரசு, குடிமை, பெண்மை, ஆண்மை. கூடவே காதலால் சொல்வது, வெறுப்பால் சொல்வது. 'விருந்து வந்தது' என்றால் விருந்தாளி வந்தார். 'அடிமை வந்தது' என்றால் அடிமைப்பட்ட ஒரு மனிதர் வந்தார். பட்டியலைத் தந்துவிட்டு, சொல்பவரின் கருத்தைக் கொண்டுதான் இவற்றை உணர வேண்டும் என்கிறது இலக்கணம்.

பிரெஞ்சின் 'சாந்தினெல்', 'விக்தீம்' இவற்றுக்கு நிகரான தமிழ்ச் சொற்கள் இவைதான். மனிதரைக் குறித்துக்கொண்டே, மனிதருக்குரிய இலக்கண இடத்தில் நிற்காத பெயர்கள். 'பொருளைப் பார்த்துப் பால்' என்ற பெருமையின் நடுவிலேயே, நம் முதல் இலக்கண நூல் இந்த விதிவிலக்கை எழுதிவைத்திருக்கிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. காவல்காரன் ஏன் பெண்பால் என்று பிரெஞ்சைக் கேட்டால் அந்தச் சொல்லின் பிறப்பைக் காட்டும். அதற்கு அந்தக் காவல்காரனைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. பிரெஞ்சு இலக்கணத்துக்குக் கண் இல்லை. தமிழ் இலக்கணத்துக்குக் கண் இருக்கிறது. அது ஆளைப் பார்க்கிறது, வயதைப் பார்க்கிறது, யாருடைய ஆள் என்று பார்க்கிறது, பேசுகிறவருக்கு அவர் மேல் அன்பா வெறுப்பா என்று பார்க்கிறது. பிறகு முடிவெடுக்கிறது. பொருளைப் பார்ப்பதுதான் தமிழின் சிறப்பு என்றால், இப்படிப் பார்ப்பதும் அந்தச் சிறப்பின் பகுதிதான்.

அந்தப் பட்டியலில் குழவியும் அடிமையும் சேர்ந்து இருப்பதை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. கோர்வைத் தறியின் ஓரத்தில் உட்கார்ந்து நாடா கொடுக்கும் இடம் நெடுங்காலம் பிள்ளைகளின் இடமாக இருந்தது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல், இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருக்கும் குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அது ஆராய்ந்த ஊர்களில் காஞ்சிபுரமும் ஒன்று. வீட்டார் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் விடப்பட்ட பிள்ளைகள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976-இல். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல். இரண்டும் இருந்தும் பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளியும் கண்காணிப்பும் கூடிய பிறகு குறைந்தார்கள். இன்று பல வீடுகளில் அந்த ஓர இடத்தில் மனைவி உட்காருகிறார். தொல்காப்பியரின் பட்டியலில் குழவி, அடிமை, பெண்மை மூன்றும் இருக்கின்றன. காஞ்சிபுரத்துத் தறியின் ஓரத்தில் மூன்றும் மாறி மாறி உட்கார்ந்திருக்கின்றன.

இலக்கணம் இதைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. 'வந்தது' என்று சொன்னதால் யாரும் அடிமையாகவில்லை. இலக்கணம் சமூகத்தின் பழக்கத்தைப் பதிவு செய்கிறது. பதிவு செய்ததை நாம் சிந்தனையில்லாமல் திருப்பிச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 'எங்கம்மா சொல்லுச்சு' என்பதில் எந்த இழிவும் இல்லை. சில வீடுகளில் 'தாத்தா வந்துச்சு' என்றும் பேரப்பிள்ளைகள் சொல்வார்கள். அதில் இருப்பது கொஞ்சல். தொல்காப்பியர் காதலையும் அந்தப் பட்டியலில் வைத்தது எவ்வளவு கூர்மையான கவனிப்பு! மடியில் இருக்கும் குழந்தையை 'சிரிக்குது பாரு' என்று சொல்லும்போது, 'சிரிக்கிறான்' என்பதில் இல்லாத ஓர் இளக்கம் வருகிறது. 'அவள்' கொஞ்சம் கடுமை, 'அவங்க' கொஞ்சம் தூரம், 'அது' பக்கத்தில் என்று உணர்ந்துதான் பல பெண்களே மற்றப் பெண்களைப் பற்றி அப்படிப் பேசுகிறார்கள். பெண்ணியம் பேசி இந்த வினைமுடிபைத் தடை செய்யக் கிளம்பினால் மொழியிலிருந்து நிறைய அன்பையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியிருக்கும்.

ஆனால் ஒரு சின்னச் சோதனை வைத்துப் பார்க்கலாம். 'முதலாளி வந்துச்சு' என்று யாராவது சொல்வார்களா? சேலைக்கு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்ய விடும் முதலாளி 'வந்தாரு'தான். அவருடைய மனைவி 'வந்தாங்க'. அன்பின் அஃறிணைக்கும் அதிகாரத்தின் அஃறிணைக்கும் வெளி வடிவம் ஒன்றே. யாருக்கு அது ஒருபோதும் வராதோ, அவரிடம்தான் அதிகாரம் இருக்கிறது.

இதை மாற்ற முடியுமா? தமிழுக்கு அந்தப் பயிற்சி உண்டு. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கு ஆண்பால் முடிபு பொருந்தாது என்று தொல்காப்பியம் சொல்கிறது. பெண்மையை விரும்பியவருக்குப் பெண்பால், ஆண்மையை விரும்பியவருக்கு ஆண்பால் என்று நன்னூல் இன்னும் ஒரு படி போகிறது. ஒருவர் எதை விரும்புகிறார் என்பதற்கு இலக்கணத்தில் இடம் கொடுத்த மரபு இது. 'திருநங்கை' என்ற சொல் பரவியதும், 2008-இல் தமிழ்நாடு அவர்களுக்கு நலவாரியம் அமைத்ததும் அந்த மரபின் தொடர்ச்சி என்றே பார்க்கிறேன். பிரெஞ்சில் ஒரு பதவிப் பெயரின் கடைசி எழுத்துக்காக அகாதெமி வரை போராட வேண்டியிருந்தது. இங்கே ஒரு புதுச் சொல் சில ஆண்டுகளிலேயே செய்தித்தாளுக்குள் வந்துவிடுகிறது. சொல் மாறுவது நமக்கு எளிது. வினை மாறுவதுதான் கடினம். 'திருநங்கை' என்று மரியாதையாகத் தொடங்கிய செய்தி, மூன்றாவது வரியில் 'வந்தான்' என்று வழுக்குவதைப் பார்க்கிறோம்.

அதனால் தமிழில் ஒரு கதையை, செய்தியை, அரசு அறிக்கையைப் படிக்கும்போது பெயர்ச்சொல்லோடு நிற்காமல் அதன் வினை வரை போக வேண்டும் என்பது என் கட்சி. ஆசிரியரா ஆசிரியையா என்ற விவாதம் நல்லதுதான். ஆனால் கதைசொல்லி யாரை 'ஆர்' என்கிறார், யாரை 'ஆள்' என்கிறார், யாரை 'அது' என்கிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே படித்துப் பாருங்கள். அந்த நூலின் சமூகம் முழுக்க அந்தத் தாளில் வந்துவிடும். ஆசிரியரே அறியாமல் எழுதிய ஒரு சாட்சியம் அது.

தமிழ்ச் செய்தித்தாள்களில் அவ்வப்போது வரும் ஒரு வாக்கியம்: 'கொத்தடிமைகள் மீட்கப்பட்டனர்.' எழுவாயில் இன்னும் அஃறிணையின் '-கள்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. பயனிலையில் உயர்திணை வந்துவிட்டது. வருவாய்க் கோட்டாட்சியர் கொடுக்கும் விடுதலைச் சான்றிதழுக்கு முன்பே, அந்த வினைமுற்று அவர்களை மனிதர்களாகப் பதிவு செய்துவிடுகிறது. அதே கவனத்தைத் தார் சுற்றும் பெண்ணுக்கும் கொடுக்கலாம். அவர் நெய்கிறார் என்று எழுதுவதற்குப் புதுச் சொல் எதுவும் தேவையில்லை.